துரையின் தொப்பியும் தூளியின் நிழலும்

மெல்பேர்ணில் வாழும் என் மகள் கடந்த ஏப்ரல் மாதம் தனது ஐந்து மாதக் குழந்தையுடன் கொழும்புக்கு வந்திருந்தாள். நான் பிறந்து வளர்ந்த இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர் தோட்டத்தைப் பேர்த்திக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. புறப்படுவதற்கு முதல் நாளிரவு மகள் தன் பயணப் பையைக் கொட்டிக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அகப்பட்டது வெயிலுக்குப் பூசும் கிறீம் ஒன்று. அதன் முதுகிலிருந்த சிறிய எழுத்துகளை விளக்கடியில் பிடித்துப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதை ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூச வேண்டாம் என்று போட்டிருக்கிறது. அங்கே வெயிலுக்கு என்ன செய்வது?"

"இரத்தினபுரியில் ஏது வெயில்? மழைதானே" என்றேன்.

"அது சரி. அந்தக் காலத்திலே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள்?"

ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். தோட்டத் தொழிலாளரின் சம்பளம், லயம், குடியுரிமை, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், நாடு திரும்பியோர் கதை என்று எத்தனையோ பத்திகள் எழுதியாயிற்று. ஆனால் ஒரு கைக்குழந்தையை வெயிலிலிருந்து யார், எப்படிக் காத்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. மகளின் கேள்வி என்னைப் பழைய குறிப்புப் புத்தகங்களிடம் அனுப்பியது.

முதலில் என் பதிலிலிருந்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர். களுகங்கை பெருக்கெடுத்து நகரத்துக்குள் வருவது எங்களுக்குப் புதினமன்று. ஆனால் அந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி ஒருமுறையும் செப்டெம்பர் முற்பகுதியில் ஒருமுறையுமாகச் சூரியன் ஆண்டில் இருமுறை அதன் தலைக்கு நேரே வந்து நிற்கிறது. தோலைச் சுடுவது நாம் உணரும் வெக்கை அன்று; கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். மெல்லிய முகிலைத் துளைத்துக்கொண்டு அதன் பெரும்பகுதி கீழே வந்துவிடும். மப்பும் மந்தாரமுமான நாளில் வெயில் இல்லை என்று நினைத்துப் பிள்ளையை முற்றத்தில் விடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். குளிர்ச்சியும் நம்மை ஏமாற்றும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் இந்தக் கதிர் ஏறத்தாழப் பத்து வீதம் கூடும். வெள்ளைக்காரத் துரைமார் தம் பிள்ளைகளைத் தாழ்நிலத்து வெயிலிலிருந்து தப்புவிப்பதாக எண்ணி நுவரெலியாவுக்கு அனுப்பியபோது, வெக்கையிலிருந்து தப்புவித்தார்கள். கதிரின் பக்கம் கொஞ்சம் நெருங்கவே வைத்தார்கள்.

துரைமாரின் வெயிற்பயம் தனியாக எழுதத்தக்க விடயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, வெப்ப நாட்டுச் சூரியன் ஐரோப்பியனின் மூளையையும் முதுகுத்தண்டையும் ஊடுருவிக் கெடுத்துவிடும் என்பது அவர்களுடைய வைத்தியம் படித்தவர்களே நம்பிய கொள்கை. பிலிப்பைன்ஸில் பணியாற்றிய அமெரிக்க இராணுவ வைத்தியர் சார்ள்ஸ் வுட்ரஃப் 1905இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அந்தக் கொள்கையைப் பரீட்சித்துப் பார்க்க அங்கே சிப்பாய்களுக்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அணிவித்து அலையவிட்டார்கள். பயன் ஒன்றும் இல்லை, வியர்த்ததுதான் மிச்சம். முதுகுத்தண்டைக் காக்கச் சட்டைக்குள் கம்பளித் திண்டு வைத்துத் தைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். தலைக்கு நெட்டித் தொப்பி. குளத்தில் வளரும் நெட்டித் தண்டின் வெண்மையான உட்பகுதியால் செய்யப்பட்ட அந்தத் தொப்பியை நடக்கப் பழகிய வெள்ளைக் குழந்தைக்கும் மாட்டாமல் வெளியே விடமாட்டார்கள். துரை பங்களாவின் ஆயா தொப்பியை மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகளை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொள்கை பொய். ஆனாலும் அகன்ற விளிம்புள்ள தொப்பி ஒரு குழந்தையின் முகத்துக்கும் காதுக்கும் கழுத்துக்கும் நிழல் தந்தது என்பது மெய். தவறான காரணத்துக்காகச் சரியான காரியம் நடந்தேறிய இடம் அது.

அதே தோட்டத்தில், அதே சூரியனின் கீழ், வேறொரு குழந்தைக்கு என்ன நடந்தது?

சப்ரகமுவ பற்றிப் பேசும்போது அதன் பயிரை நினைவில் கொள்ள வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலையடிவாரங்கள் இறப்பர்க் காடாயின. எஹலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கமெல்லாம் இறப்பர். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தேயிலை. இரண்டும் கலந்த தோட்டங்களும் உண்டு. இறப்பர்ப் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகச் சுரக்கும். ஆகவே பால்வெட்டும் பெண் இருட்டோடு பிரட்டுக்குப் போய்விடுவாள். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளை பெற்ற பெண்ணை ஒரு மாதத்துக்கு வேலைக்கு இறக்கக்கூடாது. அந்த மாதம் அவளுக்கு உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தகுந்த பராமரிப்பும் போஷாக்கும் கிடைப்பதைத் தோட்டத்துரை கவனிக்க வேண்டும். சட்டம் தந்தது அந்த ஒரு மாதம். முப்பத்தோராம் நாள் குழந்தை எங்கே இருக்கும்?

மரத்தடியில் இருக்கும். பழைய சேலையை இரண்டு மரங்களுக்கு நடுவே தூளியாகக் கட்டி, தாய் தன் மரங்களை வெட்டிக்கொண்டு போவாள். இறப்பர் நிழல் நல்ல நிழல். கொழுந்து மலையில் தூளி கட்டக் கிடைத்ததைவிட அடர்த்தியானது. ஆனால் இறப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில், எங்கள் பக்கத்தில் வானம் தெளிந்து வெயில் ஏறுகின்ற அதே நாட்களில், அது இலைகளை முழுவதுமாக உதிர்த்துவிடும். மாசி மாதத்து இறப்பர்த் தோட்டம் எலும்புக்கூடுகளின் காடு போலிருக்கும். நிழல் தேவைப்படும்போது நிழல் இல்லை. அந்த வாரங்களில் தூளியை ஆற்றோரத்துக்கோ, கற்பாறையின் மறைவுக்கோ, தப்பிநின்ற பலா மரத்தடிக்கோ கொண்டுபோவார்கள்.

தேயிலை மலையில் வேறு கதை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தலையில் கொங்காணி, இடுப்பில் படங்குச் சாக்கு. மழைக்காகப் போட்ட கொங்காணியே வெயிலுக்கும் குடையாயிற்று. இடுப்பிலும் முதுகிலும் இருக்கும் குழந்தையின் மேலும் அதன் ஓரத்தை இழுத்து விடுவார்கள். குழந்தையின் உச்சியில் ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைத்துத் தேய்ப்பார்கள். சூட்டைத் தணிக்கும் என்பது நம்பிக்கை. தோலை மெதுமையாக வைப்பதற்கு எண்ணெய் நல்லதுதான். ஆனால் எந்த எண்ணெயும் கதிரைத் தடுக்கும் கவசம் ஆகாது. இணையத்தில் இன்று பலர் அப்படி எழுதுகிறார்கள். நம்ப வேண்டாம்.

காலை இளவெயிலில் பச்சைக் குழந்தையைக் காட்டும் வழக்கமும் எல்லா லயங்களிலும் இருந்தது. மஞ்சட்காமாலைக்கு அது நல்லது என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. 1950களில் இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் மருத்துவமனையில் தாதியாக இருந்த சகோதரி வார்ட் என்பவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் நிறம் மங்குவதை அவர் வைத்தியர்களுக்குக் காட்டினார். 1958இல் வெளியான ஆய்வும், இன்று எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கும் நீல விளக்குச் சிகிச்சையும் அதிலிருந்து வந்தவை. ஆனால் அந்த நீல விளக்கில் தீங்கான கதிர் வடிகட்டப்பட்டுவிடும். முற்றத்து வெயிலில் வடிகட்ட எவரும் இல்லை. அதனால்தான் குழந்தையின் காமாலைக்கு வெயிலை மருந்தாகக் கொள்ள வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள் என்று இன்று சொல்கிறார்கள்.

என் தகப்பனார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புத் தர வேண்டும் என்று துரைமாரைக் கட்டாயப்படுத்தியதன் விளைவாக எழுந்த மண்டபங்களில் அதுவும் ஒன்று. அவர் வரவு இடாப்பைச் சத்தமாகக் கூப்பிடும்போது சில பெண்களின் பெயருக்குப் பதில் வராது. "தூளிக்குப் போயிட்டா சார்" என்று பக்கத்திலிருக்கும் பிள்ளை சொல்லும். சிறுவனாக இருந்தபோது அது ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

நிழல் நகரும். காலை ஏழு மணிக்கு நிழலில் கட்டிய தூளி ஒன்பது மணிக்கு வெயிலில் தொங்கும். தாய் அப்போது மூன்று நிரைக்கு அப்பால் இருப்பாள். அவள் இறங்கி வந்து தூளியை மாற்றினால் கங்காணியின் வாய் சும்மா இராது; கிலோவும் குறையும். ஆகவே தூளியை மாற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஏழெட்டு வயது அக்காள். கைக்குழந்தையின் நிழலுக்கு ஒரு பெண் பிள்ளையின் எழுத்தறிவு விலையாகப் போயிற்று. என் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஒருத்தி, தம்பி பிறந்த ஆண்டில் தூளிக்குப் போனாள், திரும்பி வரவேயில்லை. இடாப்பில் அவள் பெயருக்கு நேரே என் தகப்பனார் சிவப்பு மையால் கோடு இழுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே ஒரு முரணைச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிக்கு நிழல் தேவை என்பது இந்த நாட்டில் ஆராயப்பட்ட விடயம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தோன்றியது. தாழ்நிலத் தேயிலைக்கென்று அதன் கிளையொன்று எங்கள் இரத்தினபுரியிலேயே சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. இளங்கன்றுக்கு ஒரு நிழல், வளர்ந்த செடிக்கு நடுத்தர உயரத்தில் கிளிசிறியா, முள்முருங்கை. அதற்கு மேலே வாகை இனம். எத்தனை அடிக்கு ஒரு மரம், எந்த மாதம் கிளை கழிப்பது என்றெல்லாம் அறிவுரை உண்டு. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விவசாயத்துக்கு அது வேண்டியதே. செடியின் நிழலை அடிக்கணக்கில் அளந்த தோட்டங்களில் பிள்ளையின் நிழலை அளக்க நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

பிறகு வந்தது பிள்ளைக் காம்பரா. பிள்ளை மடுவம் என்றும் சொல்வார்கள். காம்பரா என்பது போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல். மலை ஏற முடியாத ஒரு கிழவியைப் பொறுப்பு வைத்து, தோட்டத்தின் ஒரு பழைய அறையில் வரிசையாகத் தூளி தொங்கவிடுவார்கள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் இதற்கு உரம் கொடுத்தன. இன்றைய நிலையில், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளை பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி. இல்லாவிட்டால் ஒரு மணி.

இளம் நிருபராக இருந்தபோது, 1970களின் நடுப்பகுதியில், அத்தகைய காம்பரா ஒன்றுக்குப் போனேன். காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த காலம். அரிசிப் பங்கீடு சுருங்கி, பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலமும் அதுவே. தகரக் கூரை. ஒரேயொரு ஜன்னல். பகல் பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தபோது அடுப்புக்குள் தலையை விட்டதுபோலிருந்தது. பதினான்கு தூளிகள். தகரம் கதிரைத் தடுத்துவிட்டது, வெக்கையைத் தடுக்கவில்லை. ஆயா ஈரச் சாக்கொன்றை ஜன்னலில் கட்டியிருந்தாள். என்ன அம்மா இது என்று கேட்டேன். "காத்து அதுல பட்டு வந்தா புள்ளைக கொஞ்சம் தூங்கும் ஐயா" என்றாள். நான் எழுதிய செய்தியில் தகரம் இருந்தது, பட்டினி இருந்தது, அந்த ஈரச் சாக்கு இல்லை. முக்கியமில்லை என்று நானே வெட்டியிருந்தேன்.

1980களிலும் 90களிலும் நிலைமை மாறியது. வெளிநாட்டு உதவியுடன் பல காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். கூரையும் ஜன்னலும் திருந்தின. 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் போன பின்னரும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. அக்காள்மார் பள்ளிக்குப் போக முடிந்ததில் இந்த நிலையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் துணிபு.

அந்த முன்னேற்றம் எல்லோரையும் எட்டவில்லை. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. ஈரவலயத்து மரநிழலில் பிறந்த பிள்ளைகள் வன்னியின் வெட்டவெளியில் கிடுகுக் கொட்டிலுக்குள் வளர்ந்தார்கள். அங்கே நான் சந்தித்த ஒரு தாய், காட்டை வெட்டித் துப்புரவாக்கும்போது மற்றவர்கள் ஏசியதையும் பொருட்படுத்தாமல் ஒரு வேப்ப மரத்தை வெட்டவிடாமல் நின்றதாகச் சொன்னாள். தூளி கட்டத்தான்.

இனி, கிறீம் விடயத்துக்கு வருகிறேன். வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் இதைத்தான் என்னிடம் எதிர்பார்ப்பார்கள் என்று தெரியும். வெயிற்காப்புக் கிறீம் குழந்தைக்காகப் பிறந்த பொருளன்று. 1936இல் பிரான்ஸில் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்து மக்கள் கடற்கரைக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் லொறியல் நிறுவனத்தின் யூஜீன் ஷுவெல்லர் ஓர் எண்ணெயை விற்பனைக்கு விட்டார். பனிமலையேறி முகம் வெந்துபோன ஒஸ்திரிய இரசாயனவியலாளர் பிரான்ஸ் கிரைட்டர் 1946இல் தம்முடைய கிறீமைக் கொண்டுவந்தார். இன்று குழாயின் மேல் 30, 50 என்று காணும் காப்பு எண்ணைப் பரவலாக்கியவரும் அவரே. அவுஸ்திரேலியாவில் 1981இல் சட்டை, கிறீம், தொப்பி மூன்றையும் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்த பிரசாரம் தொடங்கியது. அதன் பயனை என் பேரன்மாரின் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானம் இல்லை.

வைத்தியர்கள் சொல்வது இதுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழல், மெல்லிய முழுக்கைச் சட்டை, விளிம்புத் தொப்பி ஆகியவையே காப்பு. அதன் தோல் மெல்லியது. பூசுவதை அதிகம் உறிஞ்சிவிடும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் துத்தநாக ஒக்சைட்டு அல்லது டைட்டேனியம் டையொக்சைட்டு சேர்ந்த, காப்பு எண் 30க்குக் குறையாத கிறீம் உகந்தது. 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் தன் முன்மொழிவில் இவ்விரண்டையும் பாதுகாப்பும் பயனும் உள்ளவை எனக் கொண்டது. ஒக்சிபென்சோன் முதலிய வேறு பன்னிரண்டு பொருள்களுக்கு மேலதிகத் தரவு கேட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நீரில் நனைந்தாலும் வியர்த்தாலும் மறுபடியும் பூச வேண்டும். விசிறும் வகையைச் சிறுவர்களுக்கு வாங்காதீர்கள், மூச்சோடு உள்ளே போகும். கருமையான நம் தோலுக்கு இயல்பான காப்பு ஓரளவு உண்டு; கண்ணுக்கும் உடற்சூட்டுக்கும் அந்தக் காப்பு இல்லை.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் "வெயிலில் போகாதே" என்று பெண் பிள்ளையைத் தடுப்பதற்குக் காரணம் தோல் கருத்துவிடும் என்ற கவலை. அந்தக் கவலையை அறிந்த வியாபாரிகள் வெள்ளையாக்கும் கிறீமை வெயிற்காப்பு என்ற பெயரில் விற்கிறார்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை ஒடுக்க முனைந்தும் அவை சந்தையை விட்டுப் போகவில்லை. பிள்ளையின் முகத்தில் அதைத் தடவுவதைவிட வெறும் முகத்தோடு விடுவது மேல்.

கொழும்பில் ஒரு மருந்தகத்தில் குழந்தைகளுக்கான நல்ல கிறீமின் விலையை விசாரித்தேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் கொழுந்தெடுத்து அந்தக் குழாயை வாங்க முடியாது. நிழல்தான் இன்னும் அவர்களுடைய மருந்து. ஆனால் சப்ரகமுவவில் தேயிலை பெரும்பாலும் சிறு தோட்ட உடைமையாளர் கைக்குப் போய்விட்டது. லயத்திலிருந்து அந்தத் துண்டு நிலங்களுக்குக் கைக்காசு வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளைக் காம்பரா கிடையாது. தெருவோரக் கிளிசிறியா மரத்தில் தூளி தொங்குவதைப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பழைய காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற எண்பது வயது மூதாட்டி லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாத்தியார் மகனா? வாங்க தம்பி" என்றார். எழுபத்தைந்து வயதில் தம்பி என்று அழைக்கப்படுவது ஒரு சுகம். மகள் தயங்கித் தயங்கிக் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் மாமரத்தடியில் பாயை விரித்துக் கிடத்தினார். "அம்மா, இந்த இடத்திலே வெயில் வராதா?" என்று மகள் கேட்டாள்.

"வரும். வந்தா தள்ளிப் போடுவோம்" என்றார் கிழவி.

மகள் கிறீமைப் பைக்குள் வைத்தாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரையில் அந்தப் பாய் ஐந்து முறை இடம் மாறியது. ஒருமுறைகூட அவர் அண்ணாந்து சூரியனைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.